அரசர் காதுக்குள் புகுந்தது எது?

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அந்தக் காலத்தில் வெள்ளிலைக்குடி என்று ஒரு சின்ன நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்கிறீர்களா? காலையில் வடக்கு எல்லையில் கட்டறுத்துக்கொண்டு ஓடிய பசுவை மாலைக்குள் தெற்கு எல்லையில் பிடித்துவிடலாம். அவ்வளவுதான்.

அந்த நாட்டை ஆதவராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். சீக்கிரம் கோபம் வராது. பசித்தவரைக் கண்டால் தம் இலையையே அவர் பக்கம் நகர்த்திவிடுவார். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அது வெற்றிலை.

காலையில் ஒரு முறை போடுவார். மதியம் ஒரு முறை போடுவார். பொழுது சாயும்போது ஒரு முறை போடுவார். பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்த இளந்தளிர் வாய்க்குள் போய்விட்டால், கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, மெல்ல மெல்ல மெல்லுவார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. வாயில் தாம்பூலம் இருக்கும்போது அரசர் பேசக் கூடாது. பேசினால் சாறு வழியும். வழிந்தால் மரியாதை கெடும். ஆகவே அந்த நேரத்தில் அவர் தலையை அசைத்தே ஆட்சி நடத்துவார். மேலும் கீழும் அசைத்தால் சரி என்று பொருள். பக்கவாட்டில் அசைத்தால் வேண்டாம் என்று பொருள். அசைத்தது அசைத்ததுதான். அதுவே அரச கட்டளை.

வெற்றிலைப் பெட்டியை அந்த நாளில் அடைப்பை என்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அரசருக்கு மிக அருகில் நிற்பவன் அடைப்பைக்காரன். ஆதவராயருடைய அடைப்பைக்காரன் பெயர் தேனப்பன். இடது பக்கம் நிற்பான். வெற்றிலை மடிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. குரலும் அப்படித்தான், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருக்கும்.

தேனப்பன் மடித்த வெற்றிலையைக் கொடுப்பான். அரசர் வாயில் போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் அவன் குனிந்து, அவருடைய இடது காதில் பேசத் தொடங்குவான்.

ஒரு நாள் சொன்னான்: "மகாராஜா, கோட்டை வாசல் காவலன் நின்றுகொண்டே தூங்குகிறானாம். ஊரே சொல்கிறது."

யார் சொன்னது என்று கேட்க அரசருக்கு ஆசைதான். ஆனால் வாய் நிறைய வெற்றிலை. மென்று முடிப்பதற்குள் கேள்வி மறந்துவிட்டது. தலையை அசைத்தார். மறுநாள் வாசலில் தேனப்பனின் மைத்துனன் வேல் பிடித்து நின்றான்.

இன்னொரு நாள் சொன்னான்: "மகாராஜா, முரசு அடிக்கிறவன் தாங்கள் நடப்பதைப்போல நடந்து காட்டிச் சந்தையில் சிரிப்பு மூட்டுகிறானாம்."

எப்படி நடந்தான் என்று கேட்க அரசருக்கு ஆசைதான். ஆனால் வாய் நிறைய வெற்றிலை. தலையை அசைத்தார். மறுநாள் முரசு மேடையில் தேனப்பனின் அண்ணன் மகன் கோலைப் பிடித்து நின்றான். பாவம், அவனுக்குத் தாளமே வராது.

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய வினை.

ஆற்றங்கரையில் அரசருடைய வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் கொடியை ஏற்றிவிட்டிருப்பார்கள். உள்ளே போனால் நடுப்பகலிலும் நிழலும் ஈரமுமாகக் குளுகுளுவென்று இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவர் காளத்தி. அரசரும் அவரும் சிறு வயதில் ஒரே வாய்க்காலில் குதித்து நீந்தியவர்கள். காளத்திக்கு அலங்காரமாகப் பேசத் தெரியாது. அரசர் கேட்டால், "இந்த வாரம் இலை சுமார்தான் மகாராஜா, கொஞ்சம் பொறுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

ஒரு காலைப் பொழுது. முந்தின நாள் நல்ல மழை. தேனப்பன் புது வெற்றிலைக் கட்டைப் பிரித்தான். இலைகளுக்கு நடுவிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி நழுவி, அரசரின் தோளில் விழுந்தது. நீளமான உடம்பு. வாலில் சின்னக் குறடு போல இரண்டு கொக்கிகள். அதுவும் பயந்துபோயிருக்க வேண்டும். அங்குமிங்கும் ஓடியது.

"ஆ!" என்று அரசர் துள்ளி எழுந்தார். தேனப்பன் அதைத் தட்டிவிட்டான். அரசரை உட்காரவைத்தான். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே சட்டென்று ஒரு வெற்றிலையை மடித்து அவர் வாயில் வைத்தான். பிறகு குனிந்தான்.

"மகாராஜா, இதற்குப் பெயரே காதுப்பூச்சி. தூங்குகிறவர் காதுக்குள் நுழையும். உள்ளேயே போய் மூளையைத் தின்னும். இலையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கட்டுகிற காளத்திக்கு இது மட்டும் தெரியாமலா போயிருக்கும்? என் வாயால் எப்படிச் சொல்வேன்! வேண்டுமென்றே வைத்து அனுப்பியிருக்கிறான். வரும் பௌர்ணமியன்று அவனை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடலாம். கொடிக்காலை என் மருமகன் பார்த்துக்கொள்வான். பூச்சியையெல்லாம் பூண்டோடு அழித்துவிடுவான். சரிதானே?"

அரசரின் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. காளத்தியா? ஆனால் தோளில் இன்னும் அந்தப் பூச்சி ஊர்வதுபோலவே இருந்தது. வாய் நிறைய வெற்றிலை.

தலையை அசைத்தார்.

மதியம் படைவீரன் ஒருவன் திரும்பி வந்து வணங்கினான். "காளத்தியிடம் கட்டளையைச் சொல்லிவிட்டேன் மகாராஜா. கொடிக்காலைவிட்டு இன்றே வெளியேற வேண்டும், பௌர்ணமியன்று நாட்டைவிட்டே போக வேண்டும் என்று."

அரசர் மென்றுகொண்டே புருவத்தை உயர்த்தினார். அவன் என்ன சொன்னான் என்று கேட்பதாக வீரனுக்குப் புரிந்தது.

"அரசர் வாய் திறந்து சொன்னாரா என்று கேட்டார். இல்லை, தலையை அசைத்தார் என்றேன். அப்போது அவர் வாயில் என்ன இருந்தது என்று கேட்டார். வெற்றிலை என்றேன். 'என் வெற்றிலையாகத்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவி வைத்தார். அவ்வளவுதான் மகாராஜா."

அதன் பிறகு அரசருக்கு வெற்றிலை ருசிக்கவில்லை. சற்றுக் கண்ணயரலாம் என்று படுத்தார். அப்போதுதான் அது தொடங்கியது. இடது காதுக்குள் 'சரசர' என்று ஒரு சத்தம். எழுந்து உட்கார்ந்தார், சரசர. தலையைச் சாய்த்துத் தட்டினார், சரசர. ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தார், சரசர.

"தேவி!" என்று அலறினார். "பூச்சி உள்ளே போய்விட்டது!"

அரசி பவளவல்லி ஓடிவந்தாள். அவரை வெயில் படும் சாளரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். காது மடலை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் விட்டுக் கவிழ்த்தும் பார்த்தாள்.

"என்ன தெரிகிறது? எவ்வளவு தின்றிருக்கிறது?"

"அசையாமல் இருங்கள். தின்கிற அளவுக்கு உள்ளே எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை."

"விளையாடாதே தேவி! எனக்குச் சத்தம் கேட்கிறது."

"எந்தக் காதில்?"

"இடது காதில்."

"தேனப்பன் எந்தப் பக்கம் நிற்பான்?"

"இடது பக்கம். அதற்கென்ன?"

அரசி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பூச்சி இல்லை. ஆனால் ஏதோ போயிருக்கிறது. வெளியே எடுத்துவிடலாம். ஆனால் பத்தியம் இருக்க வேண்டும். இருப்பீர்களா?"

"இருப்பேன், இருப்பேன். சொல்."

"பௌர்ணமி வரை வெற்றிலை கிடையாது."

அரசரின் முகம் விழுந்துவிட்டது. "அப்படியானால் பூச்சியே உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும்."

"இன்னும் முடியவில்லை" என்றாள் அரசி. "அந்தக் காதில் யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பார்த்தது யார்? பார்த்தது எங்கே? யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ அவரை இங்கே கூப்பிடலாமா? மூன்றையும் சத்தமாகக் கேட்க வேண்டும். மெதுவாகக் கேட்டால் பத்தியம் முறிந்துவிடும்."

இது என்ன வைத்தியம் என்று அரசருக்கு விளங்கவில்லை. ஆனால் காதில் சரசரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒப்புக்கொண்டார்.

மறுநாள் தேனப்பன் வெற்றிலையை நீட்டினான். அரசர் ஏக்கத்தோடு அதைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேனப்பனுக்குத் திகைப்பாக இருந்தது. இருந்தாலும் பழகிய வாய் சும்மா இருக்குமா? குனிந்தான்.

"மகாராஜா, மடைப்பள்ளித் தலைவர் நெய்யை எடுத்துத் தம் வீட்டுக்கு அனுப்புகிறாராம்."

"பார்த்தது யார்?" என்று அரசர் உரக்கக் கேட்டார். மண்டபத்துத் தூண்களில் இருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன.

"ம... மகாராஜா, மெதுவாக! பலபேர் பார்த்ததாக..."

"பார்த்தது எங்கே?"

"அது... இன்ன இடம் என்று..."

"அவரை இங்கே கூப்பிடலாமா?"

கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. அரசரின் குரலைக் கேட்டு மடைப்பள்ளித் தலைவரே கரண்டியும் கையுமாக வந்து நின்றார். "என்னையா கூப்பிட்டீர்கள் மகாராஜா? நெய் என்று காதில் விழுந்தது. யாருக்கு நெய் வேண்டும்?"

தேனப்பன் அடைப்பையைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். "ஏதோ காற்றுவாக்கில் வந்த பேச்சு, மகாராஜா. விட்டுவிடுங்கள்."

அன்று அரசருக்குக் காதில் சத்தம் சற்றுக் குறைந்தாற்போல இருந்தது. ஆனால் நெஞ்சில் வேறொன்று கூடிவிட்டது. வாசல் காவலனைப் பற்றி இப்படிக் கேட்டேனா? கேட்கவில்லை. முரசு அடிப்பவரைப் பற்றிக் கேட்டேனா? கேட்கவில்லை. காளத்தியைப் பற்றிக் கேட்டேனா?

கேட்கவில்லை.

பௌர்ணமி வந்தது. அன்று காலையிலேயே அரசர் கொடிக்காலுக்குக் கிளம்பினார். அரசியும் உடன் வந்தாள். தேனப்பனை அழைத்துவரச் சொன்னார். பழைய வாசல் காவலனையும் பழைய முரசுக்காரரையும் வரச் சொன்னார். தோளில் ஒரு துணி மூட்டையோடு ஆற்றுத்துறைக்குப் புறப்பட்டிருந்த காளத்தியையும் வழியில் நிறுத்தி அழைத்துவந்தார்கள்.

கொடிக்காலைப் பார்த்ததும் அரசருக்குத் திக்கென்றது. தேனப்பனின் மருமகன் சொன்னபடியே செய்திருந்தான். வரிசைக்கு வரிசை புகை போட்டு, அகத்திப் பட்டையைச் சுரண்டி, மண்ணைக் கிளறி, கண்ணில்பட்ட பூச்சியையெல்லாம் கொன்றிருந்தான். இப்போது இலைகளின் அடியில் கடுகைவிடச் சின்னச் செடிப்பேன்கள் அப்பிக்கொண்டிருந்தன. இலைகள் சுருண்டு, நிறம் வெளுத்துப்போயிருந்தன.

"இந்தப் பேன் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை, மகாராஜா" என்று மருமகன் தலையைச் சொறிந்தான்.

"எப்போதும் இருப்பதுதான் தம்பி" என்றார் காளத்தி. "அதைத் தின்கிற காதுப்பூச்சிகளைத்தான் நீ அனுப்பிவிட்டாய்."

அரசர் காளத்தியை நேராகப் பார்த்தார். "காளத்தி, அன்று இலைக்கட்டில் ஒரு காதுப்பூச்சி வந்தது. நீ வைத்து அனுப்பினாயா?"

"வைத்து அனுப்பவில்லை. ஆனால் என் கட்டிலிருந்துதான் வந்திருக்கும். அன்று மழையில் அவசரமாகக் கட்டினேன். சரியாகத் தட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது."

"அது காதுக்குள் புகுந்து மூளையைத் தின்னுமாமே?"

"நான் தினமும் மதியம் இந்த மரத்தடியில்தான் துண்டை விரித்துத் தூங்குகிறேன். என் காதுக்குள் எதுவும் போனதில்லை" என்றார் காளத்தி. பிறகு சற்று யோசித்தார். "ஆனால் மகாராஜா, நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கடைசி வரிசையில் இன்னும் யாரும் கைவைக்கவில்லை. நீங்களே பாருங்கள்."

கடைசி வரிசையில், உதிர்ந்து கிடந்த ஓர் அகத்திப் பட்டையை அரசர் மெல்லத் தூக்கினார். அடியில் ஈர மண்ணில் சிறு குழி. குழிக்குள் வெள்ளை வெளேரென்று குருணை போல முட்டைகள். அவற்றின் மேல் ஒரு காதுப்பூச்சி கவிந்து நின்றது. வெளிச்சம் பட்டும் அது ஓடவில்லை. ஒவ்வொரு முட்டையாக வாயால் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

அரசர் தலைப்பாகையைக் கழற்றி அரசியிடம் கொடுத்தார். பட்டாடையோடு அந்த ஈர மண்ணில் படுத்தார். இடது காதைக் குழிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வைத்தார்.

"மகாராஜா, வேண்டாம்!" என்று வாசல் காவலன் பதறினான். அரசி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அரசருக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். 'தலையை அசைத்தவன் நான்தானே? தலையை வைத்துப் பார்க்க வேண்டியவனும் நான்தான்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

பூச்சி குழியின் விளிம்புக்கு வந்தது. மெல்லிய மீசைகளை நீட்டி அரசரின் கடுக்கனைத் தொட்டது. காது மடலைத் தொட்டது. அவ்வளவுதான். இது எதற்கும் உதவாது என்பதுபோலத் திரும்பிக்கொண்டு, தன் முட்டைகளிடம் போய்ச் சேர்ந்தது.

அரசர் சிரித்துவிட்டார். "என் காதைவிட நல்ல வேலை அதற்கு இருக்கிறது" என்றபடி எழுந்தார். கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பட்டையைப் பத்திரமாக அதன் இடத்தில் வைத்தார்.

பிறகு திரும்பினார். "தேனப்பா, அன்று என் காதில் சொன்னாயே, காளத்தி வேண்டுமென்றே வைத்து அனுப்பினான் என்று. அதை இப்போது இவர்கள் எல்லோரும் கேட்கச் சொல். காவலனைப் பற்றிச் சொன்னதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல். முரசுக்காரரைப் பற்றிச் சொன்னதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்."

தேனப்பன் வாயைத் திறந்தான். மூடினான். அவன் வாயில் வெற்றிலை இல்லை. ஆனாலும் ஒரு சொல்லும் வரவில்லை.

முரசுக்காரர்தான் பேசினார். "என்னைப் பற்றி என்ன சொன்னாராம், மகாராஜா?"

"நான் நடப்பதைப்போல நடந்து காட்டினாயாம்."

"அது உண்மைதான்" என்றார் முரசுக்காரர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் பேரன் பட்டாபிஷேகம் பார்க்கவில்லை. அரசர் எப்படிக் கம்பீரமாக நடப்பார் என்று கேட்டான். நடந்து காட்டினேன். நான் நடந்ததைப் பார்த்துத்தான் சந்தையில் சிரித்தார்கள்."

அரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரசர் சிரிக்கவில்லை. அவர் காளத்தியின் தோளில் இருந்த மூட்டையைத் தம் கையாலேயே இறக்கினார்.

"சொன்னவன் அவன். ஆனால் தலையை அசைத்தவன் நான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், உங்கள் மூவருக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது. மன்னித்துவிடுங்கள். வாசலும் முரசும் இன்றே பழைய கைகளுக்குத் திரும்பும்" என்றார். "காளத்தி, கொடிக்காலைத் திரும்ப எடுத்துக்கொள்வாயா?"

காளத்தி சுருண்ட இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மழை பெய்ய வேண்டும். அதுவரை இலை சுமார்தான் மகாராஜா, கொஞ்சம் பொறுங்கள்."

அதைக் கேட்டு அரசருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ இனிப்பான பேச்சு கேட்ட காது அது. ஆனால் இதைப்போல இதமாக எதுவும் அதற்குள் போனதில்லை. சரசர சத்தமும் அத்தோடு நின்றுபோனது.

"இனிமேல் இவருக்குத்தான் காதுப்பூச்சி என்று பெயர் வைக்க வேண்டும்" என்று வாசல் காவலன் தேனப்பனைக் காட்டிச் சொன்னான்.

"அப்படிச் சொல்லாதே அப்பா" என்றார் காளத்தி. "பூச்சி கேட்டால் வருத்தப்படும்."

ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு வெள்ளிலைக்குடியில் காதுப்பூச்சி இரண்டு வகை என்பார்கள். ஒன்று பட்டைக்கு அடியில் இருப்பது. அது யார் காதுக்கும் போகாது. மற்றொன்று ஆளுக்குப் பக்கத்தில் நிற்பது. அதற்குக் காதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

தேனப்பனை என்ன செய்தார்கள்? நாடு கடத்தவில்லை. சிறையில் போடவுமில்லை. ஆற்றுத்துறையில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அங்கே ஆறு அகலமானது. அக்கரையில் நிற்கும் படகைக் கூவி அழைத்தால்தான் வரும். அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள்.

முதல் சில நாள் அவன் குரல் தண்ணீரின் பாதிவரைகூடப் போகவில்லை. அக்கரைப் படகுக்காரன் காதருகே கையை வைத்து, "என்னது? எனக்குக் கேட்கவில்லை! உரக்கச் சொல்லுங்கள்!" என்று கத்துவான். போகப் போகத் தொண்டை திறந்தது. "இங்கே ஏழு ஆடு! ஒரு அம்மா! இரண்டு கூடை கத்தரிக்காய்!" என்று தேனப்பன் கூவினால் அக்கரைப் புளியமரத்துக் கொக்குகள் எழுந்து பறக்கும். அவன் சொன்னது சரியா தவறா என்று படகு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அவன் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வான். "அண்ணே, குரல் என்றால் உங்கள் குரல்தான்" என்று ஆட்டுக்கார அம்மா ஒரு நாள் சொன்னாள். அன்று அவன் வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினான்.

ஆகவே, கேட்டுக்கொண்டிருக்கும் செல்வங்களே, ஒருவரைப் பற்றி உங்கள் காதில் யார் எதை ஓதினாலும், அவரையே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை தலையை அசைக்காதீர்கள்.